குதிரைக் குளம்பும் ஈரத் தரையும்: அன்றும் இன்றும்

அடைமழை பிடித்துக்கொண்டால் குதிரை வைத்திருப்பவருக்கு முதல் கவலை குளம்பின் அடிதான். 400, 500 கிலோ எடையைத் தாங்கும் நான்கு குளம்புகளும் நாள்கணக்கில் சேற்றிலும் மூத்திரத்திலும் ஊறினால், எவ்வளவு நல்ல சாதிக் குதிரையானாலும் நொண்டத் தொடங்கிவிடும். கால் போனால் குதிரை போச்சு என்பது குதிரையை நம்பி வாழ்ந்த எல்லா நாட்டாருக்கும் தெரிந்த பாடம். இங்கிலாந்தில் 1751இல் ஜெரமையா பிரிட்ஜஸ் என்பவர் குளம்பைப் பற்றி எழுதிய நூலுக்கு, காலில்லையேல் குதிரையில்லை என்ற பொருளிலேயே தலைப்பு வைத்தார்.

ஈரத்திலிருந்து குளம்பைக் காப்பாற்ற மனிதர்கள் பட்ட பாடு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாக எழுத்தில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். மருந்து மாறியிருக்கிறது, கருவி மாறியிருக்கிறது, நோயின் காரணம் நுண்ணோக்கியில் அகப்பட்டுவிட்டது. ஆனால் உலர்ந்த தரைக்கும், நாள்தோறும் காலைத் தூக்கிப் பார்க்கும் கைக்கும் இன்றுவரை மாற்று வரவில்லை. இந்த இரண்டும் கிடைத்த குதிரை அன்றும் நன்றாக நடந்தது, இன்றும் நடக்கிறது. கிடைக்காத குதிரை அன்று போலவே இன்றும் நொண்டுகிறது.

ஈரம் என்ன செய்கிறது?

குளம்பின் வெளிச்சுவர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் அதே புரதம்தான். முடி முடியும் இடத்தில், குளம்பின் மேல் விளிம்பில் தோன்றி, மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வரை கீழ்நோக்கி வளர்கிறது. முன்நுனியில் மேலிருந்து தரையைத் தொட ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். அதனால் இன்று கெட்டுப்போன குளம்பு முழுதாகப் புதுப்பிக்கப்பட அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

காலைத் தூக்கி அடியைப் பார்த்தால் சற்றே குழிந்த தளம் தெரியும். அதன் நடுவில், குதிப்பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கூராக வரும் ஆப்பு வடிவ மெத்து ஒன்று இருக்கும். ரப்பர் போல அழுத்தினால் கொடுக்கும். இதை நடுமெத்து என்று சொல்லிக்கொள்வோம். குதிரை ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் இதற்குப் பங்குண்டு. கீழ்க்காலின் ரத்தம் மேலே திரும்பவும் இதன் அசைவு உதவுகிறது. மெத்தின் இரு பக்கமும் இரண்டு ஆழமான பள்ளங்கள், நடுவில் ஆழம் குறைந்த ஒரு பள்ளம். அழுகல் ஆரம்பிப்பது இந்தப் பள்ளங்களில்தான்.

நல்ல குளம்பிலும் ஈரம் உண்டு. வெளிச்சுவரில் ஏறத்தாழ கால் பங்கும், அடித்தளத்தில் மூன்றில் ஒரு பங்கும், நடுமெத்தில் பாதியும் நீர்தான். இந்த அளவு கூடும்போது தொல்லை தொடங்குகிறது. நீரில் ஊறிய சுவர் இளகி வெளிப்புறமாக விரிகிறது. லாட ஆணியின் பிடி தளர்கிறது. மெலிந்த அடித்தளத்தில் சிறு கல் குத்தினாலும் உள்ளே கன்றிச் சீழ் கட்டுகிறது. லத்தியும் மூத்திரமும் கலந்த தரையில் எழும் அம்மோனியா கெரட்டினையே அரிக்கிறது. காலையில் சேறு, நண்பகலில் சுடுதரை, மாலையில் மீண்டும் சேறு என்று ஈரமும் உலர்வும் மாறி மாறி வந்தால் சுவரில் வெடிப்பு விழுகிறது. அந்த வெடிப்பு கிருமிக்கு வாசலாகிறது.

அன்று: தரையே மருந்து

கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனஃபோன், கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் காலத்துக் கிரேக்கர்களுக்கு ஆணி அடித்துப் பொருத்தும் லாடம் தெரியாது. வெறும் குளம்போடுதான் குதிரை போருக்குப் போனது. அதனால் குளம்பின் உறுதி அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஈரமும் வழவழப்பும் உள்ள தரை, இயல்பிலேயே நல்ல குளம்பையும் கெடுத்துவிடும் என்கிறார் செனஃபோன். நீர் வடிய லாயத்தின் தரை சரிவாக இருக்க வேண்டும். குளம்பின் அளவுள்ள கற்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். லாயத்துக்கு வெளியே, குதிரையைத் தேய்த்துவிடும் முற்றத்துக்கு அவர் சொல்லும் ஏற்பாடு இன்னும் நுணுக்கமானது. கைப்பிடிக்குள் அடங்கும் உருண்டைக் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு மினா எடை, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவற்றை நான்கைந்து வண்டி அளவு கொட்டிப் பரப்பி, சிதறாமலிருக்க இரும்பு விளிம்பு கட்ட வேண்டும். தேய்க்கும்போதும், ஈ கடித்துக் காலை உதறும்போதும் அந்தக் கற்களின் மேல் குதிரை மிதித்துக்கொண்டே இருக்கும். நாளின் ஒரு பகுதியைக் கல் பாதையில் நடந்தே கழித்ததற்கு அது சமம். குளம்பு உருண்டையாகி உறுதிப்படும், நடுமெத்தும் வலுவடையும்.

அதே நூலில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குதிரையின் கால்களைத் தினமும் நீர் ஊற்றிக் கழுவக் கூடாது. அதனால் பயன் எதுவும் இல்லை, குளம்புக்குத்தான் கேடு என்கிறார். இந்த ஒரு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய லாயங்களைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

நம் நாட்டிலும் இந்த அறிவு இருந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைப் பொறுப்பாளரின் கடமைகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒவ்வொரு குதிரைக்கும் கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய தனிக் கொட்டில், தரையில் வழவழப்பான மரப்பலகை, தீவனத்துக்குத் தொட்டி, லத்தியும் மூத்திரமும் வெளியேற வழி என்று அது விதிக்கிறது. கிரேக்கர் கல்லைப் பதித்தார்கள், இங்கே பலகையைப் பரப்பினார்கள். குதிரை தன் கழிவின் மேல் நிற்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். இந்தியாவில் குதிரை மருத்துவத்துக்கென்று சாலிஹோத்திரர், நகுலன் பெயர்களில் தனிச் சாஸ்திரங்களே வளர்ந்தன. நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களோடு அச்சிட்டிருக்கிறது.

அன்று: பாண்டிய நாட்டுக் கரையில்

அறிவு ஏட்டில் இருப்பது வேறு, லாயத்தில் இருப்பது வேறு. இதற்குப் பாண்டிய நாட்டைவிடத் துயரமான சான்று கிடையாது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, இங்கு வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஹோர்முசிலிருந்தும் அரேபியத் துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. அரசர் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்கினார். அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்கினார்கள். ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இந்த வணிகத்தைக் குறித்திருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொற்காசுகள். வழியில் இறந்தவற்றுக்கும் விலை உண்டு என்று ஒப்பந்தம்.

இத்தனை குதிரைகள் ஏன் செத்தன? போலோ சொல்லும் காரணங்களில் நாட்டின் தட்பவெப்பம் உண்டு. இறைச்சியோடு வேகவைத்த சோறு போடும் பழக்கம் உண்டு. அவற்றோடு, இங்கே லாடம் கட்டுவோரும் குதிரை வைத்தியம் அறிந்தோரும் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்கிறார். குதிரை விற்க வந்த வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை உடன் அழைத்து வராமல் பார்த்துக்கொண்டார்களாம். இங்கே குதிரை எவ்வளவு வேகமாகச் செத்ததோ, அடுத்த ஆண்டு வியாபாரம் அவ்வளவு நன்றாக நடந்தது.

ஒரு பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தச் சித்திரத்தின் மையம் நம்பத் தகுந்தது. உலர்ந்த பாலை நிலத்தில் கெட்டியாக வளர்ந்த குளம்பு, ஈரக் காற்றும் மழையும் உள்ள கடற்கரைக்கு வருகிறது. அந்தக் காலைத் தூக்கிப் பார்த்து, அடியைச் சுரண்டி, வளர்ந்ததைச் சீவிவிட ஆள் இல்லை. பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய நாடு, அதன் காலைப் பார்க்கத் தெரிந்த கையை வாங்காமல் விட்டது. நம் வரலாற்றில் இதைவிடப் பெரிய குதிரைப் பாடம் இல்லை என்பேன்.

அன்று: லாடமும் தாரும் மயில்துத்தமும்

ஆணி அடித்த இரும்பு லாடம் ஐரோப்பாவில் இடைக்காலத்தில் பரவியது. கல் சாலையில் குளம்பு தேய்வதை அது தடுத்தது. கூடவே புதிய தொல்லைகளையும் கொண்டுவந்தது. லாடம் குளம்பைத் தரையிலிருந்து உயர்த்திவிடுகிறது. நடுமெத்து தரையில் படுவது குறைகிறது. லாடத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையே சேறும் லத்தியும் அடைத்துக்கொள்கின்றன. ஈரத்தில் இளகிய சுவரில் ஆணி நிற்காது. மீண்டும் மீண்டும் அடித்தால் சுவர் பொடிந்துபோகும்.

18, 19ஆம் நூற்றாண்டு லாடக்காரர்களின் இரண்டு பழக்கங்கள் இந்தத் தொல்லையைப் பெரிதாக்கின. ஒன்று, ஒவ்வொரு முறை லாடம் மாற்றும்போதும் அடித்தளத்தையும் நடுமெத்தையும் கத்தியால் அழகாகச் சீவித் தள்ளுவது. இயற்கை கொடுத்த காப்பு அத்தோடு போயிற்று. எடின்பரோ லாடக்காரர் ஜேம்ஸ் கிளார்க் 1770இலேயே இதை எதிர்த்து எழுதினார். மற்றொன்று, குளம்பு வறண்டுவிடக் கூடாது என்று மாட்டுச் சாணத்தையும் களிமண்ணையும் குழைத்து இரவு முழுவதும் அடியில் அடைத்து வைப்பது. கொட்டிலுக்குள்ளேயே கட்டிக் கிடந்த நகரத்துக் குதிரைகளுக்கு இது அன்றாட வழக்கமாக இருந்தது. அழுகலுக்குத் தேவையான ஈரம், அழுக்கு, காற்றின்மை மூன்றையும் அக்கறையோடு பொட்டலம் கட்டிக் கொடுத்ததற்கு இது சமம்.

கால்நடை மருத்துவம் தனிப் படிப்பாக வளர்ந்தபோதுதான் இந்தப் பழக்கங்கள் கேள்விக்கு உள்ளாயின. பிரான்சின் லியோனில் 1761இல் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி உருவானது. லண்டன் கல்லூரி 1791இல் வந்தது. லண்டன் கல்லூரியின் தலைவராக இருந்த எட்வர்ட் கோல்மன், நடுமெத்து தரையில் பட்டு அழுத்தம் பெற்றால்தான் குளம்பு நலமாக இருக்கும் என்று வற்புறுத்தினார். பிரேசி கிளார்க் என்ற ஆய்வாளர் ஒரே குதிரையின் குளம்பைப் பல ஆண்டுகள் அச்செடுத்து, லாடம் பூட்டப் பூட்டக் குதிப்பக்கம் எப்படி இறுகிக் குறுகுகிறது என்று காட்டினார். குதிப்பக்கம் குறுகினால் நடுமெத்தின் பள்ளங்கள் ஒடுங்கி ஆழமாகின்றன. ஒடுங்கிய பள்ளத்தில் அழுக்கு எளிதாகச் சிக்கும், காற்று போகாது. அழுகலுக்கு ஈரம் பாதிக் காரணம் என்றால், குளம்பின் வடிவம் மறுபாதி என்பது அப்போது துலங்கத் தொடங்கியது.

மருந்துப் பெட்டியில் அன்று இருந்தவை பைன் மரத் தார், மயில்துத்தம், உப்பு, ஆளிவிதைப் பற்று. தார் ஈரத்தைத் தள்ளி நிறுத்தும், கிருமியையும் ஓரளவு அடக்கும். மயில்துத்தம் அழுகிய சதையைச் சுட்டு உலர்த்தும். நம் ஊர்களில் ஆட்டுக் குளம்பழுகலுக்கு மயில்துத்தக் கரைசலில் ஆடுகளை நடக்கவிடும் முறை உண்டு, அதே சரக்குதான். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுவதும் இங்கே கால்நடைப் புண்களுக்கு உள்ள பழைய வழக்கம். ரயில் நிலைய வாசல்களில் ஜட்கா வண்டிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், லாடம் கட்டுபவரே குதிரைக்குப் பாதி வைத்தியர். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை அவர் கையில் கால் அகப்பட்டுவிடும். அழுகல் இருந்தால் வாடையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

போர்ச் சேறு

ஈரம் குதிரைக்கு என்ன செய்யும் என்பதை முதல் உலகப் போர் உலகுக்கே காட்டியது. மேற்குப் போர்முனையில் குண்டு விழுந்து கிளறிய நிலம், இடைவிடாத மழை, வடிகால் அழிந்துபோன வயல்கள். 1917இல் பாஷென்டேல் போர்க்களத்தில் குதிரைகள் சேற்றில் புதைந்தே செத்தன. உயிரோடிருந்தவை வாரக்கணக்கில் ஈரத்தில் நின்றன. குளம்பழுகல், கணுக்கால் தோல் வெடிப்பு, ஆணி குத்திய புண் எல்லாம் சேர்ந்து வந்தன. களச் சமையலறைகளில் பழைய பெட்டிப் பலகைகளை எரித்துச் சாம்பலைச் சாலையில் கொட்டினார்கள். அந்தச் சாம்பலில் கிடந்த ஆணிகள் இளகிய குளம்புகளில் ஏறின.

படையின் கால்நடை மருத்துவர்கள் முதலில் தேடியது நிற்க ஓர் உலர்ந்த இடம். இடிந்த வீடுகளின் செங்கல்லையும் கல்லையும் அள்ளி வந்து பரப்பிக் குதிரைகளுக்குத் தரை அமைத்தார்கள். செனஃபோன் சொன்ன கல் முற்றம் 2,200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் போர்முனையில் மீண்டும் எழுந்தது. பிரிட்டிஷ் படையின் கால்நடை மருத்துவமனைகளில் போர்க்காலம் முழுவதும் சுமார் 25 லட்சம் சேர்க்கைகள் நடந்தன. ஐந்தில் நான்கு பங்கு விலங்குகள் தேறிப் பணிக்குத் திரும்பின. 1918 நவம்பரில் அந்தப் படையின் கால்நடை மருத்துவப் பிரிவுக்கு ‘ராயல்’ என்ற சிறப்புப் பெயர் கிடைத்தது.

போர் முடிந்தபின் படை விற்றுவிட்டுப் போன குதிரைகள் கெய்ரோ தெருக்களில் எலும்பும் தோலுமாகச் சுமை இழுப்பதைக் கண்டு மனம் பொறுக்காத டோரத்தி புரூக் என்ற பெண்மணி, 1934இல் அங்கே ஒரு குதிரை மருத்துவமனையை நிறுவினார். அவர் பெயர் தாங்கிய அமைப்பு இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் சேவை செய்கிறது.

இன்று: அழுகலின் முகம் தெரிகிறது

அன்று கெட்ட நீர் என்றும் சூடு என்றும் சொல்லப்பட்ட நோய்க்கு இன்று பெயரும் முகமும் உண்டு. நடுமெத்தை அழுக வைப்பதில் முதன்மையானது ஃபூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா. அது மண்ணிலும் சாணத்திலும் இயல்பாகவே இருக்கிறது. காற்று பட்டால் வாழாது. சேறும் லத்தியும் பள்ளத்தில் இறுகி அடைத்துக் காற்றை மறித்தால் பெருகும். இந்த ஓர் உண்மை தெரிந்தவுடன் பழைய பழக்கங்களில் எது சரி, எது தவறு என்பது விளங்கிவிடுகிறது. காலைச் சுரண்டுவது கிருமியின் மேல் காற்றைப் பாய்ச்சுகிறது. சாணம் அடைத்து வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது.

ஒரு நல்ல லாயத்தில் காலை வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பராமரிப்பாளர் குதிரையின் தோளோரம் நின்று, கையைக் கால் வழியே மெல்லக் கீழே இறக்குகிறார். கணுவைத் தொட்டதும் பழகிய குதிரை தானே காலைத் தூக்கித் தருகிறது. குளம்பைச் சுரண்டும் கொக்கியைக் குதிப்பக்கத்திலிருந்து முன்நுனி நோக்கி இழுக்கிறார். எதிர்த்திசையில் இழுத்தால் நடுமெத்தில் குத்திவிடும். அடைத்திருந்த மண் கட்டியாக விழுகிறது. அடுத்து இரண்டு பள்ளங்களையும் வழிக்கிறார். நல்ல மெத்து சாம்பல் நிறத்தில், அழுத்தினால் கெட்டியாக, வாடையின்றி இருக்கும். அழுகல் இருந்தால் கொக்கியில் கருப்பாக, மை போன்ற கசிவு ஒட்டிக்கொண்டு வரும். அதன் துர்நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. முற்றிய நிலையில் நடுப்பள்ளம் இரு குதிகளுக்கும் நடுவே மேல்நோக்கிப் பிளந்திருக்கும். அங்கே விரல் பட்டாலே குதிரை காலை உதறும். நான்கு கால்களுக்கும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்ட குதிரைகளுக்குத்தான் பிறகு வாரக்கணக்கில் மருத்துவம் தேவைப்படுகிறது.

சிகிச்சை முறையும் மாறியிருக்கிறது. செத்த, தொங்கும் திசுவை மட்டும் கத்தியால் நீக்கிக் காற்றுப்பட விடுகிறார்கள். சுத்தம் செய்து உலர்த்தியபின் நீர்த்த அயோடின், அல்லது தாமிரம், துத்தநாகம் சேர்ந்த மருந்து. பிளவு ஆழமாக இருந்தால் மருந்தில் நனைத்த பஞ்சைத் திணித்து நாள்தோறும் மாற்றுகிறார்கள். ஃபார்மலின், வெளுப்புத்தூள் போன்ற கடும் சரக்குகளைக் கொட்டுவது ஒரு காலத்தில் சாதாரணம். அவை புதிதாக வளரும் நல்ல திசுவையும் எரித்துவிடுவதால் இன்று மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பளபளப்புக்காகப் பூசும் குளம்பு எண்ணெயிலும் எச்சரிக்கை வேண்டும். ஏற்கெனவே ஊறிய குளம்பின் மேல் கெட்டியான கிரீஸைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுப்போகும்.

குளம்புப் புண் வழியே வரும் மற்றோர் ஆபத்து ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ். குதிரை இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாகும். அன்று ஆணி குத்திய குதிரைக்கு ரணஜன்னி கண்டால் பிழைப்பது அரிது. இன்று தடுப்பூசி இருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையே நடந்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

குளம்பின் நலம் உணவிலிருந்தும் வருகிறது என்பதும் புதிய அறிவு. லிப்பிசானர் குதிரைகளுக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்துச் செய்த ஆய்வு 1990களில் வெளியானது. குளம்புச் சுவரின் தரம் மேம்பட்டது. ஆனால் முன்னேற்றம் தெரிய ஒன்பது மாதங்கள் ஆயின. குளம்பு வளரும் வேகத்தை மீறி எந்த மருந்தும் வேலை செய்வதில்லை.

இன்று: லாயத்தில் வந்த மாற்றம்

வசதியுள்ள லாயத்துக்குள் நுழைந்தால் தரையில் ரப்பர் விரிப்பு, அதன் மேல் மரச்சீவல். சிமெண்ட் தரை சரிவாக இறங்கி வடிகாலில் முடிகிறது. நம் பகுதியில் மரச்சீவலுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவும் பயன்படுகிறது. ஈரத்தை நன்றாக உறிஞ்சுவதால் வெளிநாட்டு லாயங்களுக்குக்கூட அது போகிறது. நனைந்த பகுதியைத் தினமும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். மேய்ச்சல் திடலின் வாசலிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் சரளைக்கல் பரப்புகிறார்கள். குதிரை கூடி நின்று மிதிக்கும் இடங்களே முதலில் சேறாகும் என்பதால் செலவை அங்கே செய்கிறார்கள்.

ஆணி பிடிக்காத குளம்புக்கு ஒட்டுப்பசையால் பொருத்தும் லாடம் வந்துவிட்டது. வேலையின்போது மாட்டி, முடிந்ததும் கழற்றிவிடும் குளம்புக் காலணிகள் உண்டு. நல்ல தரையும், குளம்பைச் சீராக அராவும் வேலையும் கிடைத்தால் லாடமே இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தும் வலுப்பெற்றிருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் குளம்பைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் மட்டும் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எல்லாம் இருந்தும் இன்றைய லாயங்களுக்கென்று ஒரு பிழை இருக்கிறது. ஓடி முடித்த குதிரையைக் குழாய் வைத்துத் தினமும் குளிப்பாட்டுகிறார்கள். வெப்ப நாட்டில் உடலைக் குளிர்விக்க நீர் வேண்டியதுதான். ஆனால் கால் வழியே வழியும் நீர் தேங்கிய தரையில் குதிரை நிற்கிறது. பிறகு உலர்ந்த கொட்டிலுக்குப் போகிறது. மறுநாள் மீண்டும் நனைகிறது. பந்தயக் குதிரைகளான தரோபிரெட் இனத்துக்குக் குளம்புச் சுவர் மெல்லியது. இந்த மாற்றி மாற்றி வரும் ஈரமும் உலர்வும் அதை வெகு விரைவில் பொடியாக்கும். பிறகு குளம்பைக் கெட்டியாக்கும் பூச்சுகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். காலைத் தினமும் கழுவாதீர்கள் என்ற செனஃபோனின் சொல்லைக் கேட்டிருந்தால் பாதிச் செலவு மிச்சம். குளிப்பாட்டியே தீர வேண்டுமென்றால் நீர் வடியும் சரளைத் தளத்தில் நிறுத்திக் குளிப்பாட்டி, கால்களைத் துடைத்து உலர்த்திவிட்டுக் கட்டுவதுதான் முறை.

இந்த அறிவு யாருக்குக் கிடைத்தது?

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 1989இல் தமிழ்நாட்டுக்கென்று கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே உருவானது. மாவட்டந்தோறும் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. மார்க்கோ போலோ கண்ட நாடு இது இல்லை. குதிரையின் காலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்று நம்மிடம் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கை எல்லாக் குதிரைக்கும் எட்டவில்லை. பந்தயக் குதிரைக்கும் சவாரிப் பள்ளிக் குதிரைக்கும் ரப்பர் விரிப்பும் தனி மருத்துவரும் உண்டு. மெரினாவில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குதிரைக்கு, கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் மட்டக்குதிரைக்கு, ஊட்டியில் சவாரி போகும் குதிரைக்கு, பழனியில் வண்டி இழுக்கும் குதிரைக்கு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் குதிரைக்கு என்ன உண்டு? மலையூர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம். கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை. பகலெல்லாம் உழைத்த குதிரை இரவில் நிற்கும் இடம் ஈர மண்ணாக இருந்தால், மறுநாள் வேலை அழுகிய காலோடுதான் தொடங்கும். அதன் உரிமையாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள் அவர்கள். லாடம் கட்டத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஜட்கா போனதோடு அந்தத் தொழிலும் நலிந்துவிட்டது. அடுத்த தலைமுறை அதைக் கற்கவில்லை.

இவர்களுக்குத் தேவைப்படுவது அதிகச் செலவில்லாத காரியங்கள். இரும்புக் கம்பியை வளைத்தால் ஒரு கொக்கி. மேட்டில் சரளையோ செங்கல் ஜல்லியோ கொட்டிய பத்தடித் தரை. நாலு தென்னங்கீற்றுக் கூரை. ஒரு புட்டி அயோடின். ஆண்டுக்கு ஒரு தடுப்பூசி. செனஃபோன் காலத்து விவசாயிக்கும் எட்டக்கூடிய தரை, இன்றைய கூலிக் குதிரைக்காரருக்கு எட்டாமல் போக நியாயமே இல்லை.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி, காயத்தாலோ நோயாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கைப் பணியில் ஈடுபடுத்துவது குற்றம். நொண்டும் குதிரையின் மேல் குழந்தையை ஏற்றுவதும் அதில் அடங்கும். சட்டம் தண்டிக்கும்; குளம்பைக் காய வைக்காது. அதற்குத் தரை வேண்டும், கை வேண்டும்.

கோமாரிக்கு ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் நடத்தத் தெரிந்த அரசு இது. மழைக்காலம் தொடங்குமுன் புரட்டாசியில் சவாரிக் குதிரைகள் உள்ள ஊர்களில் ஒருநாள் குளம்பு முகாம் நடத்தட்டும். நகராட்சிகள் குதிரை கட்ட உலர்ந்த மேட்டுத்தரை அமைத்துத் தரட்டும். பல்கலைக்கழகம் லாடம் கட்டும் தொழிலை இளைஞர்களுக்குக் கற்றுத் தரட்டும். நம் வீட்டில் ஒருவரைப் பாம்பு கடித்தால் உயிர் காக்கும் விஷமுறிவு மருந்துகூடக் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. அந்த இனத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறிதல்ல.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் குழந்தை குதிரைச் சவாரி கேட்டால், பணத்தைக் கொடுக்குமுன் குதிரைக்காரரிடம் மரியாதையாக, “அண்ணே, காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்களேன்” என்று கேளுங்கள். அடி சுத்தமாக, வாடையில்லாமல் இருந்தால் கேட்ட கூலிக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். கருப்பாகக் கசிந்து நாறினால் ஏற வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குப் போகும் வழியை அவருக்குச் சொல்லுங்கள். கேட்பவர் பத்துப் பேர் வந்தால், அந்தக் காலை நாள்தோறும் தூக்கிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.